ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் போடவேண்டிய கணக்கு

ரொறன்ரோவுக்கும் கொழும்புக்குக் கிட்ட இருக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் இடையே ஆகாய வழியில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. டுபாயிலோ டோகாவிலோ இறங்கி மாறவேண்டும். பறப்பது மட்டும் 17, 18 மணித்தியாலம். ஊரிலிருந்து தகவல் வந்ததும் பதற்றத்தில் பலர் இந்தக் கணக்கைத்தான் சொல்லிவிடுகிறார்கள். அங்கே அதை நம்பி ஐயருக்கு நேரம் சொல்லிவிடுவார்கள்.

கோடைகாலத்தில் திங்கள் மாலை 6 மணிக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறீர்கள் என்று வைப்போம். இரவு 10 மணிக்கு விமானம். 13 மணித்தியாலத்தில் டுபாய். அங்கே 4 மணித்தியாலக் காத்திருப்பு. பிறகு நாலரை மணித்தியாலம். கட்டுநாயக்காவில் இறங்கும்போது புதன் காலை 5 மணி. இலங்கை நேரம் ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்பதால் செவ்வாய்க்கிழமை காணாமல் போய்விடும். குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் பத்தரை.

குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய 6.30. கொழும்புக்குள் போகாமல் புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக வான் பிடித்தாலும் 350 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். படலையடியில் இறங்க மத்தியானம் 2 மணி ஆகும். வீட்டிலிருந்து வீடு வரை முப்பத்திநாலரை மணித்தியாலம். அதில் பாதிதான் ஆகாயத்தில்.

ஆகவே "புதன் விடிய வந்திடுவன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பொழுதுபட முன் உடலை எடுக்கவேண்டும் என்று அங்கே நிற்பார்கள். ஒரு விமானம் தவறினால் ஊரே முற்றத்தில் காத்திருக்கும். சவப்பெட்டியைச் சுற்றி இருக்கும் வயதுபோனவர்கள் சாப்பிடாமல் இருப்பார்கள். "வியாழன் காலமை எடுங்கோ" என்று முதல் போனிலேயே சொல்லுங்கள். உடல் பழுதாகாமல் மருந்து ஏற்றி எம்பாம் செய்துவிட்டால் ஒரு நாள் கூடுவதால் கெடுதல் இல்லை. "மூத்த மகன் வராமல் எடுக்கேலாது" என்று மாமா ஒருவர் நிற்பார். ரிக்கற் வியாழனுக்குள் கிடைக்காவிட்டால், தம்பியோ பேரனோ கொள்ளி வைக்கட்டும் என்று நீங்களே வாய்திறந்து சொல்லவேண்டும். அங்கே இருப்பவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கூட நின்றவர்கள் அவர்கள்தான். காக்கவைத்து அவர்களை மேலும் வருத்தக்கூடாது.

ரிக்கற்றை முழுவதும் ஒரே பதிவில் எடுங்கள். மலிவென்று இரண்டாகப் பிரித்து எடுத்தால், முதல் விமானம் பிந்தும்போது இரண்டாவது நிறுவனம் பொறுப்பெடுக்காது. சென்னை வழியாக யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்குப் போவது கிட்டத்தான், ஒன்றேகால் மணித்தியாலம். ஆனால் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போடவேண்டி வந்தால் இந்திய விசா வேண்டும். விமானமும் சிறியது, கொண்டுபோகும் பாரம் குறைவு. அவசரத்துக்கு உதவாது.

இரவில் இறங்கினால் உடனே வான் ஏறாதீர்கள். சாரதி பகல் முழுக்க ஓடியவராக இருக்கலாம். வவுனியாவுக்கு அப்பால் றோட்டு நேராகக் கிடக்கும், கண் அயரும். நீர்கொழும்பில் படுத்து விடிய 4 மணிக்கு வெளிக்கிடலாம்.

வேட்டியும் சால்வையும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி டுபாயில் நின்றுவிட்டாலும் கிரியைக்கு நிற்கலாம்.