கேள்வி கேட்கும் கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டுவட்டி சொல்லித்தர, எழுத்தில் உரையாடும் கணினி ஆசிரியர் ஒன்றை உருவாக்கினோம். வட்டிக் கணக்குக்குப் பேர்போன சீமை, பிள்ளைகள் ஊதித் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தோம். தடுமாறியது எங்கள் நிரல்தான்.

கணக்கு இது: அசல் 10,000 ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டுவட்டி, 2 ஆண்டுக்கு வட்டி எவ்வளவு? ஒரு பையன் ‘ரெண்டாயிரம்’ என்று தட்டினான். ‘தவறு, மீண்டும் முயற்சி செய்’ என்றது கணினி. உடனே அவன் 2000 என்று இலக்கத்தில் போட்டான். எழுத்தில் எழுதியதுதான் தப்பு என்று நினைத்துவிட்டான், பாவம்.

பதிலைச் சரி, தப்பு என்று மட்டும் பிரித்தால் இப்படித்தான் ஆகும். 2,000 குருட்டாம்போக்கில் வந்த எண் இல்லை. தனிவட்டிக்கு அதுதான் சரியான விடை. அது வந்தால் ‘இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்க வேண்டும். 11,000 என்று சொல்லிவிட்டானா, அதற்கு வட்டி 1,100, ஆக மொத்தம் 2,100 என்று மீதியை அவனே போட்டுவிடுவான். ஆகவே உரையாடலை எழுதும் முன், வரக்கூடிய தப்பு விடைகளையும் ஒவ்வொன்றும் எதனால் வரும் என்பதையும் எழுதிவையுங்கள். எங்களுக்கு அதிக நேரம் பிடித்ததும் பலன் தந்ததும் இந்த வேலைதான்.

அடுத்த தவறு, முழுப் பேச்சையும் கிளைகிளையாக முன்பே வரைவது. கேள்விக்கு 3 வகைப் பதில் என்றாலே 5 கேள்வியில் 243 பாதைகள். யார் எழுதுவது? ‘ஆண்டு முடிவில் வட்டி அசலோடு சேரும்’ என்பதுபோல் புரியவேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் எது பாக்கி என்று கணினி பார்த்தால் போதும்.

விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடவும் கூடாது. அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஆட்டோடியூட்டர் என்ற கணினி ஆசிரியர் முதலில் ‘இன்னும் சொல்லு’ என்று தூண்டும், பிறகு குறிப்புக் கொடுக்கும், பிறகு விட்டுப்போன சொல்லைக் கேட்கும். மாணவர் எதற்கும் மசியாவிட்டால்தான் விடையைத் தானே சொல்லும்.

கடைசியாக ஒன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 1970-இல் ஹைமே கார்போனெல் அறிமுகப்படுத்திய ஸ்காலர் என்ற கணினி நிரல், தென் அமெரிக்கப் புவியியல் கற்பித்தது. அதிலேயே மாணவரும் திருப்பிக் கேள்வி கேட்கலாம். எங்களிடம் ஒரு பெண் ‘அசல்னா என்ன?’ என்று கேட்டதற்கு, அதையும் பதிலாக எடுத்துக்கொண்டு ‘தவறு’ என்றது கணினி. இப்போது வந்திருப்பது கேள்வியா பதிலா என்பதைத்தான் முதலில் பார்க்கிறோம். கேள்வி என்றால் கணக்கை நிறுத்தி, விளக்கிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புகிறது.