2028 ஜூலை கிரகணம்: சிட்னிக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

2028 ஜூலை 22, சனிக்கிழமை. பகல் இரண்டு மணிவாக்கில் சிட்னி ஏறக்குறைய மூன்றே முக்கால் நிமிடம் இருட்டப் போகிறது. முழுச் சூரிய கிரகணம். இந்த நகரத்துக்கு இதற்கு முன் அது வாய்த்தது 1857இல். அடுத்த முறை 2858இல். விமானத்தை விட்டு இறங்கி, வாடகை வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து இன்னும் மூச்சுவிட நேரமில்லாத குடும்பமாக இருந்தாலும் இந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

எங்கே போய்ப் பார்ப்பது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு என் பதில், எங்கேயும் போக வேண்டாம் என்பதுதான். நிலவின் நிழல் இந்த நகரத்தின் மேலேயே போகிறது. வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, பிளாக்டவுன், ஹோம்புஷ் எல்லாமே அதற்குள் வந்துவிடும். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி, உள்நாட்டு ஊரான டப்போவுக்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது சில நொடிகள்தான். திரும்பும்போது புளூ மவுன்டன்ஸ் வழி முழுக்க ஊர்ந்து வர வேண்டியிருக்கும். ஹார்பர் பக்கம், ஓபரா ஹவுஸ் எதிரே நின்று பார்க்க ஆசை வரும். புத்தாண்டு வாணவேடிக்கைக்குத் தள்ளுவண்டிக் குழந்தையோடு அங்கே போனவர்களைக் கேட்டால் அந்த ஆசை பாதி குறைந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பக்கத்து ஓவல் (விளையாட்டு மைதானம்) போதும். ஆனால் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: வடக்கு வானம் திறந்திருக்க வேண்டும். ஊரில் நண்பகல் வெயில் உச்சந்தலையில் இறங்கிப் பழகியவர்கள் நாம். இங்கே சூரியன் வடக்கே போகிறது, குளிர்காலத்தில் நன்றாகத் தாழ்ந்து. அன்று இரண்டு மணிக்கு அது வடக்குக்குச் சற்று மேற்கே, அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவான உயரத்தில் நிற்கும். கையை முழுதாக நீட்டி, அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்த உயரம் புரியும். பக்கத்தில் உயரமான அடுக்குமாடியோ யூக்கலிப்டஸ் மரமோ இருந்தால் மறைத்துவிடும். தெற்குப் பார்த்த பால்கனியில் ஒன்றும் தெரியாது. முந்தைய சனிக்கிழமை அதே இரண்டு மணிக்கு அந்த இடத்தில் போய் நில்லுங்கள். சூரியன் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும். வெயில் உங்கள் மேல் விழுந்தால் இடம் சரி.

மேற்கில் இருப்பவர்களுக்கு என் தேர்வு பரமட்டா பார்க். காரணம் பரந்த புல்வெளி மட்டுமல்ல. நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக இருந்த தாமஸ் பிரிஸ்பேன் 1822இல் அங்கே தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் நடத்தினார். அதே ஆண்டு ஜூனில் என்கே வால்நட்சத்திரம் திரும்பி வந்ததை முதலில் கண்டுபிடித்தது அங்கிருந்துதான். கட்டடம் போய்விட்டது, தொலைநோக்கியைத் தாங்கிய கல்தூண்கள் பழைய ஆளுநர் மாளிகைக்குப் பின்னால் இன்னும் நிற்கின்றன. கிரகணம் தொடங்குமுன் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். ஆற்றோரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்குகின்றன. நடுப்பகலில் இருட்டினால் அவை என்ன செய்கின்றன என்று கவனிக்கும் வேலையை எட்டு, பத்து வயதுக்காரர்களிடம் கொடுங்கள். காகட்டூக் கிளிகள் எப்படியும் கத்தும்.

கிரகணம் பன்னிரண்டரைக்குப் பிறகு மெல்லத் தொடங்கி மூன்றேகால் வரை இழுக்கும். அந்த நீண்ட நேரத்துக்குச் சமையலறையிலிருந்து ஒரு பூந்திக் கரண்டி எடுத்துப் போங்கள். வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு குட்டிப் பிறைச் சூரியன் தரையில் விழும். இடியாப்பத் தட்டிலும் வரும். மரத்தடியில் இலை இடுக்குகளும் இதையே செய்யும். மூன்று வயதுப் பிள்ளைக்கு வானத்தைவிட இதுதான் பிடிக்கும், கண்ணுக்கும் ஆபத்தில்லை.

வானத்தைப் பார்க்க ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற பாதுகாப்புத் தர எண் அச்சிட்ட கிரகணக் கண்ணாடி வேண்டும். கடைசி வாரத்தில் தேடாதீர்கள், போலிகளும் வரும். நல்ல கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தால் எதுவுமே தெரியக்கூடாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படம், சாணித் தண்ணீரில் தெரியும் பிம்பம் எதுவும் வேண்டாம். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது இன்னும் மோசம். சின்ன முகத்தில் கண்ணாடி நிற்காது. காகிதத் தட்டில் கீறிச் செருகி ஒட்டிக்கொடுங்கள். சூரியன் முழுதாக மறைந்த அந்த மூன்றே முக்கால் நிமிடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம், கழற்றவும் வேண்டும்; இல்லாவிட்டால் வெள்ளிச் சரிகையாக விரியும் ஒளிவட்டத்தைத் தவறவிடுவீர்கள். ஓரத்தில் முதல் ஒளிப்பொட்டு எட்டிப் பார்த்ததும் மறுபடி போட வேண்டும். "கழற்று", "போடு" என்று கத்த ஒரு பெரியவரை முன்பே நியமித்துவிடுங்கள். போட்டோ எடுப்பவர் அந்த வேலைக்கு ஆகமாட்டார்.

இனி வீட்டுக்குள் நடக்கப்போகும் விவாதம். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும். இந்த முறை வருவது ஆடி மாத அமாவாசையில். அம்மா, அப்பா, மாமியார், மாமனார் விசிட்டர் விசாவில் வந்திருந்தால் விரதம், தர்ப்பணம், கிரகண வேளையில் சாப்பிடாமை, வெளியே போகாமை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். நேரத்தைப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்: பதினொன்றரைக்குள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மூன்றரைக்கு மேல் வீடு திரும்பிக் குளியல், பிறகு சூடாகச் சமையல். உலக்கையைத் தாம்பாளத் தண்ணீரில் நிறுத்துவதைப் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொன்னால் தாத்தா, பாட்டிகளும் பார்க்குக்கு வந்துவிடலாம். கர்ப்பிணிகள் வெளியே வந்தால் குழந்தைக்குக் கேடு என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை; வருவதா இல்லையா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

ஊர் நாட்காட்டியில் உள்ள நேரத்தை அப்படியே எடுக்காதீர்கள். ஜூலையில் சிட்னி நான்கரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, கிரகணம் பிடிக்கும் நேரமும் ஊருக்கு ஊர் வேறு. விரதமும் தர்ப்பணமும் எந்த நாளில், நடை எப்போது சாத்துவார்கள் என்பதை மேஸ் ஹில் முருகன் கோயிலிலோ ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலிலோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் சாக்கர், நெட்பால், தமிழ்ப் பள்ளி எல்லாம் உண்டு. அன்று நடக்குமா என்று இரண்டு வாரம் முன்பே விசாரியுங்கள். வார இறுதியில் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திப் பஸ் விடும் வழக்கமும் இருக்கிறது, கிளம்புமுன் பாருங்கள். நான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணமில்லை. காரில் இருந்தால் எம்4 நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். ஜாக்கெட் அவசியம், ஜூலைக் குளிரில் வெயிலும் மறைந்தால் சட்டென்று நடுக்கும்.

கடற்கரையோரம் மேகம் என்று வெள்ளி இரவு வானிலை அறிக்கை சொன்னால் மட்டும் மேற்கே கிளம்புங்கள், அதுவும் விடியற்காலையில். ஞாயிறன்று டூன்சைடு ஃபெதர்டேல் விலங்குப் பூங்காவில் கங்காருவுக்குத் தீனி கொடுக்கலாம், அல்லது தூங்கலாம். கண்ணாடிகளைக் கீறல் படாமல் எடுத்துவையுங்கள்: 2030 நவம்பரில் தென் ஆஸ்திரேலியாவிலும் 2037 ஜூலையில் பிரிஸ்பேனிலும் இன்னும் இரண்டு முழுக் கிரகணங்கள் இருக்கின்றன.