ஏ.என்.எம். முடித்தவர் ஸ்டாஃப் நர்ஸ் ஆவது எப்படி: குமரி முதல் வாளையார் வரை எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு

ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் படிப்பு) படித்து, துணை சுகாதார நிலையத்திலோ தனியார் மருத்துவமனையிலோ பல ஆண்டு வேலை பார்த்த ஒருவர் ஸ்டாஃப் நர்ஸாகப் பதிவு பெற வேண்டுமானால் வழக்கமான வழி ஒன்றுதான். மூன்றாண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேறு டிப்ளமா) படிக்க வேண்டும். பட்டமும் வேண்டுமென்றால் அதன்பின், ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். வார்டில் எத்தனை வருடம் நின்றிருந்தாலும் படிப்புக் காலத்தில் அது கழியாது. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்க்க முடியாது. தபால் வழி ஜி.என்.எம். என்று ஒன்று கிடையாது.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. களியக்காவிளை, புளியரை, குமுளி, வாளையார் என்று எல்லையோர ஊர்களில் “காலேஜுக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்” என்று ஆள் பிடிப்பவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். அந்தச் சான்றிதழ், செவிலியர்களைப் பதிவு செய்யும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவின்போது நின்றுபோகலாம். அங்கே தப்பினாலும், வளைகுடா வேலைக்கான மூலச் சரிபார்ப்பில் (சான்றிதழ் உண்மையா என்று படித்த இடத்திலேயே விசாரிப்பது) வருகைப் பதிவேடும் பயிற்சி நேரமும் கேட்கும்போது சிக்கும். மூன்று வருடப் பணமும் போய், பெயரும் கெடும்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

“நர்சிங் படித்திருக்கிறேன்” என்று சொல்பவர்கள் எல்லோரும் ஏ.என்.எம். அல்ல. தனியார் பயிற்சி மையங்கள் தரும் ஓராண்டு, ஆறு மாத நர்சிங் அசிஸ்டென்ட் சான்றிதழை எந்த மாநில கவுன்சிலும் பதிவு செய்யாது. அதை வைத்திருப்பவர் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டுதான் ஜி.என்.எம். சேர முடியும். ஏ.என்.எம். இரண்டாண்டுப் படிப்பு. கேரளத்தில் அதை முடித்தவர்கள் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸாக, தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குப் போகிறார்கள். அது கவுன்சிலில் பதிவாகி, பதிவு உயிரோடு இருந்தால்தான் உங்களுக்குப் பலன். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் விண்ணப்பம் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அபராதம் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி ஜி.என்.எம். சேர பிளஸ் டூவில் மொத்தம் 40 சதவீதம், ஆங்கிலத்திலும் 40 சதவீதம் வேண்டும். பதிவு பெற்ற ஏ.என்.எம்.முக்கு ஏ.என்.எம்.மில் தேர்ச்சி போதும். மற்றவர்களுக்கு உள்ள 35 வயது உச்சவரம்பும் ஏ.என்.எம்.முக்கு இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான சலுகை இந்த இரண்டுதான், சின்னதும் அல்ல. 42 வயதில் சேர நினைப்பவரை “வயது தாண்டிவிட்டது” என்று ஒரு கல்லூரி அலுவலகம் திருப்பி அனுப்பினால், பதிவுச் சான்றைக் காட்டி மறுபடி கேளுங்கள். ஆனால் இடம் ஒதுக்குவது மாநில அரசின் தகவல் கையேட்டின்படிதான். கேரள அரசு நர்சிங் பள்ளிகளில் அறிவியல் பிரிவில் படித்தவர்களுக்கே முன்னுரிமை. ஆகவே அந்த வருடத்துக் கையேட்டை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பத்தாம் வகுப்போடு ஏ.என்.எம். சேர்ந்த பழைய தலைமுறையினர் ஒரு வேலையை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமோ தனித்தேர்வராகவோ பிளஸ் டூ எழுதிவிடுங்கள். ஜி.என்.எம்.முக்கு அது இல்லாமல் நுழைய முடிந்தாலும், பின்னால் போஸ்ட் பேசிக் சேரும்போது கேட்பார்கள்.

இருபத்தைந்து வயதுக்குள் இருந்து, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் எடுத்தவரா? அப்படியானால் ஜி.என்.எம்.மை விட்டுவிட்டு நேரே நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்குப் போவதே நல்லது. ஜி.என்.எம்.மும் போஸ்ட் பேசிக்கும் சேர்ந்து ஐந்தாண்டு. ஒரு வருடம் மிச்சம். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கோ கணக்கு வேறு: மூன்றாம் ஆண்டு முடிவிலேயே ஸ்டாஃப் நர்ஸ் சம்பளம் வரும் ஜி.என்.எம்.தான் பொருத்தம்.

எல்லைக்கு எந்தப் பக்கம் படிப்பது

குமரிக்காரருக்குத் திருவனந்தபுரம் பக்கம், தென்காசிக்காரருக்குப் புனலூர் பக்கம். ஆனால் தூரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அரசு இடமும் இடஒதுக்கீடும் அந்தந்த மாநிலத்தவர்க்கே. தமிழ்நாட்டில் வாங்கிய பட்டியல் சாதிச் சான்று கேரளத்தில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. கேரளத்துச் சான்று இங்கே செல்லாது. பீர்மேடு, தேவிகுளம் தோட்டத் தமிழர் குடும்பங்களுக்கு இது பெரிய வலி. 1950-க்கு முன்பே குடும்பம் அங்கே இருந்ததற்கு ஆவணம் கேட்பார்கள். தோட்டத்து வேலைப் பதிவேட்டின் நகல், பழைய பள்ளிப் பதிவு, தாத்தா பாட்டியின் பிறப்பு, இறப்புப் பதிவு என எது கிடைத்தாலும் தேடி எடுத்து, விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே தாசில்தாரிடம் கொடுங்கள். கடைசி வாரத்தில் போனால் கிடைக்காது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலமே தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

தனியார் கல்லூரியானால் கட்டிடத்தைப் பார்க்காமல் மருத்துவமனையைப் பாருங்கள். சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற விகிதம் வேண்டும் என்பது கவுன்சில் விதி. ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குச் சொல்லாமல் போய், பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் எத்தனை கட்டில் நிரம்பியிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடம் பேச்சுக்கொடுத்து, இதுவரை எத்தனை பிரசவம் கையால் பார்த்தாள் என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். அங்கீகாரத்தைக் கல்லூரிச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும் சான்றில் பார்க்காமல், மாநில கவுன்சிலின் அந்தக் கல்வியாண்டுப் பட்டியலில் பாருங்கள். அங்கீகாரம் ஆண்டுதோறும் மாறக்கூடியது.

பெயர், இனிஷியல், ஆவணங்கள்

எல்லையோரத்தில் சேர்க்கை தடைபடுவதற்கு மதிப்பெண்ணை விடப் பெயரே அடிக்கடி காரணமாகிறது. பள்ளிச் சான்றில் “ஆர். செல்வி”, ஆதாரில் “செல்வி ராஜன்”, ஏ.என்.எம். பதிவில் கல்யாணத்துக்குப் பின் மாறிய “எம். செல்வி” என்று மூன்று விதமாக இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. சான்றில் உள்ளதே அடிப்படை. ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். ஆதாருக்காகப் பள்ளிச் சான்றைத் திருத்தப் போகாதீர்கள், அது வருடக்கணக்கில் இழுக்கும். கேரளத்தில் இரு பெயரும் ஒருவரே என்ற சான்றை வருவாய்த் துறையில் வாங்கலாம். தமிழ்நாட்டில் பெயரே மாறியிருந்தால் அரசிதழ் அறிவிப்புதான் எல்லா இடத்திலும் நிற்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை: பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்று, ஏ.என்.எம். சான்றும் ஆண்டுவாரி மதிப்பெண்ணும், கவுன்சில் பதிவுச் சான்று, சாதி, இருப்பிட, வருமானச் சான்றுகள், உடல்தகுதிச் சான்று, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டதற்கான அட்டை. வேறு மாநில வாரியத்தில் படித்தவர் இடப்பெயர்வுச் சான்றும் வாங்க வேண்டும். அசலைக் கல்லூரியில் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட நகல் ஐந்து செட் வைத்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். பாதியில் விலக நேர்ந்தால் அந்தச் சீட்டுதான் உங்கள் ஆதாரம்.

அரசு வேலையில் இருப்பவர் ராஜினாமா செய்துவிட்டுப் போக வேண்டாம். விண்ணப்பிக்கும் முன்பே தடையின்மைச் சான்றுக்கு மாவட்ட சுகாதார அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, விடுப்பு எந்த வகை, சம்பளம் உண்டா, திரும்பி வந்தபின் எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக “போயிட்டு வாம்மா” என்று அனுப்பியவர் அடுத்த வருடம் மாறுதலில் போய்விடுவார்.

மூன்று வருடமும் வீட்டுச் செலவும்

ஜி.என்.எம். முழுநேரப் படிப்பு. வகுப்பும் வார்டும் போக, மேல் ஆண்டுகளில் மாலை, இரவுப் பணியும் உண்டு. பக்கத்தில் ஒரு வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று திட்டமிட்டவர்கள் தடுக்கி விழுவது வருகைப் பதிவில்தான். ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீதம் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. 120 மணி நேரப் பாடத்தில் நீங்கள் தவறவிடக்கூடியது 24 மணி மட்டுமே. வார்டுப் பயிற்சியை 100 சதவீதம் முடித்தால்தான் சான்றிதழ். குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில் கல்யாணம் என்று போகும் நாட்களைக் கைப்பட எழுதி வாருங்கள். விட்ட வார்டு நாட்களை விடுமுறையில் ஈடுகட்ட அனுமதி கேட்பதையும் அந்த மாதமே செய்துவிடுங்கள். விடுதியில் தங்கியே ஆக வேண்டுமா, வீட்டிலிருந்து வந்து போகலாமா என்பதைக் கட்டணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்.

கல்விக் கடன் நான்கு லட்சம் வரை பொதுவாக ஈடு இல்லாமல் கிடைக்கும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்.

அனுபவசாலிகள் தோற்கும் இடங்கள்

தொற்று, தடுப்பூசி, பிரசவம், வீடு வீடாகப் போவது எல்லாம் உங்களுக்குக் கைவந்தவை. மூன்றாம் ஆண்டின் தாய்சேய் நலமும் சமுதாய நலமும் மற்ற மாணவிகளைவிட எளிதாக இருக்கும். சிக்கல் முதலாண்டில் வரும்: உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், எல்லாம் ஆங்கிலத்தில். தேர்வும் ஆங்கிலத்திலேயே. சேருவதற்கு மூன்று மாதம் முன்பே தினம் ஒரு மணி ஒதுக்கி, இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூன்றின் படத்தையும் ஆங்கிலப் பெயரோடு பார்க்காமல் வரையும் அளவுக்குப் பழகுங்கள். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 50 சதவீதம் எடுக்க வேண்டும். வார்டில் கெட்டிக்காரியாக இருப்பது எழுத்துத் தாளைக் காப்பாற்றாது.

மருந்துக் கணக்கு இரண்டாவது இடறல். டாக்டர் சொன்ன வேகத்தில் கண்ணளவாக ட்ரிப் விட்டுப் பழகியவர் சூத்திரத்துக்கு மாற வேண்டும். திரவத்தின் மில்லியை ட்ரிப் செட்டின் துளி எண்ணால் பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில், ஒரு மில்லிக்கு 20 துளி விடும் செட்டில் ஏற்றினால்: 500 பெருக்கல் 20, வகுத்தல் 240; நிமிடத்துக்கு 42 துளி. ஜென்டாமைசின் 2 மில்லியில் 80 மில்லிகிராம் இருந்து, 60 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டியது 1.5 மில்லி. இன்சுலினில் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். தினம் பத்துக் கணக்கு போடுங்கள், கால்குலேட்டர் இல்லாமல்.

மூன்றாவதுதான் ஸ்டாஃப் நர்ஸையும் ஏ.என்.எம்.மையும் பிரிக்கும் கோடு: கேர் பிளான், அதாவது ஒரு நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை எழுதுவது. “பி.பி. பார்த்தேன், ஊசி போட்டேன்” என்று செய்ததை எழுதினால் மதிப்பெண் வராது. பார்த்தது, அதனால் முடிவு செய்தது, இலக்கு, செய்தது, பலன் என்ற வரிசையில் எழுத வேண்டும். கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் ஒரு அம்மாவைப் பார்க்கிறீர்கள். வலி பத்துக்கு ஏழு, மூச்சு நிமிடத்துக்கு 24, மேலோட்டமாக விடுகிறார். காயத்தின் வலியால் மூச்சு ஆழமாக இல்லை என்பது உங்கள் முடிவு. நான்கு மணி நேரத்தில் வலி மூன்றுக்குக் குறைய வேண்டும் என்பது இலக்கு. டாக்டர் எழுதிய வலி மருந்து கொடுக்கிறீர்கள், தலைப்பக்கத்தை உயர்த்துகிறீர்கள், வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லித் தருகிறீர்கள், மணிக்கொரு முறை ஆழ்ந்து மூச்சு விடவைக்கிறீர்கள். நான்கு மணி கழித்து வலி மூன்று, மூச்சு 18 என்று எழுதி முடிக்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டு நோயாளியை இப்படி எழுதினால் ஆறு மாதத்தில் கை பழகிவிடும். கேரளப் பக்கம் படிப்பவர் நோயாளி சொல்வதை மலையாளத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நோயாளியிடம் குறிப்பெடுக்கும் அளவுக்கு மலையாளப் பேச்சை முதல் ஆண்டிலேயே சரளமாக்கிக்கொள்ளுங்கள்.

தெரிந்த பாடத்திலும் ஒரு பொறி உண்டு. பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) 0.05 மில்லி, ஒரு மாதத்துக்குப் பின் 0.1 மில்லி. வருடக்கணக்கில் போட்டவருக்கும் தேர்வில் இது புரண்டுவிடும். கை செய்வதை எண்ணாக எழுதிப் பழகுங்கள்.

முடித்தபின்

படித்த மாநிலத்தின் கவுன்சிலில்தான் முதல் பதிவு. திருவனந்தபுரத்தில் படித்துவிட்டு நாகர்கோவிலில் வேலை பார்க்க நினைப்பவர், முதலில் கேரள நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு பெற்று, அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, பிறகே சென்னையிலுள்ள தமிழ்நாடு கவுன்சிலில் பரஸ்பரப் பதிவுக்கு (வேறு மாநிலப் பதிவை வைத்து இங்கே பெறும் பதிவு) விண்ணப்பிக்க வேண்டும். வரிசை மாறினால் கோப்பு நகராது. இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் தனி அடையாள எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் ஆதார்ப் பெயர் பொருந்த வேண்டும்.

போஸ்ட் பேசிக் சேர்க்கைக்கு கேரளத்தில் சேர்க்கையை நடத்தும் எல்.பி.எஸ். மையமும் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவும் விண்ணப்பம் கேட்கும். பதிவுச் சான்று கையில் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால், தேர்வு முடிவு வந்த வாரமே பதிவு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். புதிய பதிவு கைக்கு வரும்வரை பழைய ஏ.என்.எம். பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். நடுவில் வேலை பார்க்க அதுதான் இருக்கும்.