மூக்குச் சதையும் அழற்சிப் புரதங்களும்: அறிக்கையை எப்படிப் படிப்பது?

மூக்கில் வளர்ந்த சதையை, அதாவது பாலிப்பை, வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், சதையை வளரவைத்த சைட்டோகைன் என்னும் அழற்சிப் புரதங்கள் சளிப்படலத்தில் தொடர்ந்து சுரப்பதால், பலருக்கு அது மீண்டும் வளர்கிறது. ஆகவே, சதையின் அளவைப் பார்ப்பதற்கு முன் அழற்சி எவ்வகையானது என்று பாருங்கள்.

இரத்த அறிக்கையில் ஈசினோபில் என்னும் வெள்ளையணு வகையின் சதவீதம் மட்டும் இருந்தால், மொத்த வெள்ளையணுக்களின் எண்ணிக்கையோடு அதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். 8,000 அணுக்களில் 5 சதவீதம் என்றால் 400. மைக்ரோலிட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல், அல்லது ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்புரதத்தின் மொத்த அளவு 100 அல்லது அதற்கு மேல், அல்லது திசு ஆய்வில் நுண்ணோக்கியின் உயர் உருப்பெருக்கப் புலம் ஒன்றுக்கு 10 ஈசினோபில்களேனும் இருத்தல் ஆகியவற்றில் ஒன்றை, ஈசினோபில்களும் ஐஜிஇயும் மிகும் ‘டைப் 2’ வகை அழற்சிக்குச் சான்றாக 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் ஏற்றது; 2023இல் இரத்த ஈசினோபில் வரம்பு மட்டும் 150 ஆகக் குறைக்கப்பட்டது. ஸ்டீராய்டு மாத்திரை ஈசினோபில் எண்ணிக்கையைச் சரித்துவிடும் என்பதால், மாத்திரை உட்கொண்ட தேதிகளையும் அறிக்கையின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் நடப்பது இதுதான். கிருமிகளாலோ பூஞ்சையாலோ புகையாலோ சீண்டப்படும் மேற்புறச் செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 (ஐஎல் என்பது இன்டர்லூகின் என்னும் சைட்டோகைன் வகை) ஆகிய புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றால் தூண்டப்படும் நோயெதிர்ப்புச் செல்கள் ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13 ஆகியவற்றைச் சுரக்கின்றன. ஐஎல்-5 எலும்பு மஜ்ஜையில் ஈசினோபில்களை முதிரச்செய்து, அவற்றின் ஆயுளையும் நீட்டிக்கிறது. ஐஎல்-4 ஐஜிஇ உற்பத்தியைத் தூண்டுகிறது. ஐஎல்-13 சளியைப் பெருக்குகிறது. இவை இரண்டும் ஃபைப்ரின் என்னும் புரத இழைகளின் வலையைக் கரைக்க உதவும் நொதியைக் குறைப்பதால், கரையாத வலையில் நீர் தேங்கி, சதை தோலுரித்த திராட்சையைப் போல் வெளிறி ஊதி நிற்கிறது.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே இப்புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிறது; அறுவைக்குப் பின்னும் அதைத் தொடரச் சொல்வது அதனால்தான். கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் முதலில் மூக்கைக் கழுவுங்கள். பிறகு தலையைச் சற்றே முன்னால் குனிந்து, வலது துளைக்கு இடக்கையையும் இடது துளைக்கு வலக்கையையும் பயன்படுத்தி, முனையை நடுச்சுவரிலிருந்து விலக்கி அடியுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், ஊசி மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். டுபிலுமாப் ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டின் சமிக்ஞையையும், மெபோலிசுமாப் ஐஎல்-5ஐயும், ஒமாலிசுமாப் ஐஜிஇயையும் தடுக்கின்றன. இவற்றுள் டுபிலுமாப்தான் 2019இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு முதலில் ஒப்புதல் பெற்றது. ஆஸ்துமாவோ, ஆஸ்பிரினால் மூச்சிரைப்போ இருந்தால் மறவாமல் சொல்லுங்கள்.

ஒரு பக்கத்தில் மட்டும் சதை இருந்தாலோ இரத்தம் கசிந்தாலோ இக்கணக்குகளைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அது கட்டியாகவும் இருக்கக்கூடும் என்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.