ஹைபிரிட் சொகுசு கார்: பெரிய பேட்டரிக்குப் பயந்து சின்ன விஷயங்களில் கோட்டை விடாதீர்கள்

ஹைபிரிட் சொகுசு கார் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது "பேட்டரி போனா எவ்வளவு ஆகும்?" என்றுதான். நியாயமான பயம். ஆனால் ஏழெட்டு வருடம் ஓடிய வண்டிகளைப் பார்த்தால், தானாகக் கெட்ட பெரிய பேட்டரியைவிடக் கவனக்குறைவால் கெடுக்கப்பட்டவையே அதிகம். காற்றுத் துளையை மூடிய தரைவிரிப்பு, ஏசிக்குள் போன தவறான எண்ணெய், மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டி என்று காரணங்கள் எல்லாமே சின்னவை.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது லெக்ஸஸ் இஎஸ் 300எச். 2017-இல் இந்தியாவுக்கு வந்து, 2020 முதல் பெங்களூருக்கு அருகே பிடதியில் பாகங்களைச் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட வண்டி. 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டு மின்மோட்டார்கள், 244.8 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பேட்டரி. டொயோட்டா கேம்ரி ஹைபிரிடும் இதே வழியில் வேலை செய்வதால், கீழே உள்ளதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பூட் மூடியில் "ஹைபிரிட்" என்று இருந்தால் மட்டும் போதாது. பெரும்பாலான 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட் வண்டிகள் மின்சாரத்தில் மட்டும் நகராது. அவற்றில் அந்த மின்சாரம் எஞ்சினுக்குக் கைகொடுக்க மட்டுமே. இஎஸ் 300எச் போன்ற முழு ஹைபிரிட் தன் சார்ஜைத் தானே தயாரித்துக்கொள்ளும், பிளக் கிடையாது. பிளக்-இன் ஹைபிரிடை வீட்டில் சார்ஜ் போட வேண்டும். அதில் தனியாக ஒரு தவறு நடக்கும்: தினசரி ஓட்டம் முழுவதும் சார்ஜிலேயே முடிவதால், டேங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து பழசாகிவிடும். அப்படி ஓட்டுபவர்கள் டேங்கை நிரப்பி வைக்காமல், இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் போடுவது நல்லது.

சின்ன பேட்டரியை மறப்பது

சாதாரண பெட்ரோல் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி பலவீனமானால் காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். அந்தச் சத்தமே எச்சரிக்கை. ஹைபிரிடில் அது கிடையாது. இங்கே 12 வோல்ட் பேட்டரி எஞ்சினைச் சுற்றுவதில்லை. கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடிவிட்டால் அதன் வேலை முடிந்தது. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார். அதனால் நேற்று மாலை வரை நன்றாக இருந்த வண்டி இன்று காலை டேஷ்போர்டு முழுக்க மஞ்சள் விளக்கு போட்டுக்கொண்டு நிற்கும். ஹைபிரிட் சிஸ்டமே போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் பதறுவார்கள்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. நன்றாக ஓட்டி நிறுத்திய மறுநாளே 12-க்குக் கீழே காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வண்டி ஓடத் தயார் என்று டேஷ்போர்டில் காட்டும் "ரெடி" விளக்கு எரியும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். நம் வெயிலில் நான்காவது வருடத்துக்குப் பிறகு இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

மாற்றும்போது, அளவு ஒத்துப்போகிறதே என்று கடையில் கிடைத்ததை வைத்துவிடக் கூடாது. டிக்கிக்குள் இருக்கும் பேட்டரியின் வாயு வெளியேற ஒரு சின்னக் குழாய் இருக்கும். குழாய் மாட்டும் வசதியில்லாத பேட்டரியை வைத்தாலோ, குழாயை மாட்ட மறந்தாலோ, ஹைட்ரஜன் வண்டிக்குள்ளேயே தங்கும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊரில் விட்டுப்போகும் வண்டிகளில் இன்னொரு தவறு நடக்கிறது. "வாரம் ஒருதடவை ஆன் பண்ணி வைங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டில் இருப்பவர் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்துவார். விளக்குகள் எரியும், பாட்டு கேட்கும், ஆனால் "ரெடி" வராது. அந்த நிலையில் எதுவும் சார்ஜ் ஆகாது. 12 வோல்ட் பேட்டரிதான் கரையும். பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்தி, "ரெடி" எரிவதைப் பார்த்த பிறகு, கியர் பார்க்கிங்கில் இருக்க அரை மணி நேரமாவது விட வேண்டும். காற்றோட்டமான இடத்தில் மட்டும். எஞ்சின் தானாக ஓடி ஓடி நிற்கும். 16 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. பெரிய பேட்டரியும் நின்றபடியே மெல்லச் சார்ஜ் இழக்கும். அது அடியோடு இறங்கிவிட்டால் 12 வோல்ட் ஜம்ப் கேபிளால் பயனில்லை. சர்வீஸ் சென்டர்தான் கதி.

12 வோல்ட் இறங்கியதால் பூட் திறக்கவில்லை என்றாலும் கலங்க வேண்டாம். ரிமோட் சாவிக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கினால் ஃபியூஸ் பெட்டிக்குள் ஜம்ப் கொடுப்பதற்கான பிளஸ் முனை இருக்கும். பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் ஃபியூஸோடு நிற்காது, பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டைத் தரும் விலை உயர்ந்த கன்வர்ட்டர் வரை போகும். அதேபோல் உங்கள் ஹைபிரிடிலிருந்து பக்கத்து வண்டிக்கு ஜம்ப் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்துக்காக அந்த கன்வர்ட்டர் செய்யப்படவில்லை.

பின்சீட்டுக் காற்றுத் துளை

2018 முதல் வந்த இஎஸ் 300எச்-இல் பெரிய பேட்டரி இருப்பது பின்சீட்டுக்குக் கீழே. அதைக் குளிர்விப்பது கேபினில் இருக்கும் ஏசி காற்றுதான். ஒரு சின்ன விசிறி அந்தக் காற்றைச் சீட்டின் அடிப்பகுதியில் உள்ள துளை வழியாக உறிஞ்சும். புது வண்டி வந்ததும் சீட் கவர் கடைக்கு ஓடுவது நம் வழக்கம். தைத்த கவரும் தடித்த தரைவிரிப்பும் அந்தத் துளையைப் பாதி மூடிவிடும். அதன் மேல் பெட்ஷீட், தலையணை, நாய் முடி. விசிறி வேகமாகச் சுற்றும், பேட்டரி சூடாகும், சூடான பேட்டரியைக் காப்பாற்றக் கணினி சார்ஜைக் குறைத்துக்கொள்ளும், மைலேஜ் இறங்கும். பின்சீட்டுக்குக் கீழிருந்து வழக்கத்தைவிடப் பலமாக விசிறிச் சத்தம் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

துளைக்கு உள்ளே இருக்கும் வடிகட்டியை ஒவ்வொரு சர்வீஸிலும், அதாவது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பட்டியலில் இருக்கும், டிக் அடித்திருப்பார்கள்; கழற்றினார்களா என்று கேளுங்கள். வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போட்டால், அந்தக் குளிர்ச்சி உங்களோடு சேர்த்துப் பேட்டரிக்கும் போகிறது. பின்சீட்டில் ஆள் இல்லையென்று பின்பக்க ஏசியை அடைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எண்ணெயும் கூலன்ட்டும்

கையில் உள்ள காசைக் கரைக்கும் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. அவற்றைச் செய்பவர் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்ட, அனுபவமுள்ள மெக்கானிக்.

ஏசியிலிருந்து தொடங்கலாம். ஹைபிரிடில் கம்ப்ரசரை பெல்ட் சுற்றுவதில்லை. உயர் வோல்டேஜில் ஓடும் மோட்டார் கம்ப்ரசருக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்றி ஏசி எண்ணெய் ஓடுகிறது. அந்த எண்ணெய் மின்சாரம் கடத்தாத வகையாக இருக்க வேண்டும். டொயோட்டா, லெக்ஸஸ் வண்டிகளில் அது என்டி-11. சாதாரண கார்களுக்குப் போடும் பிஏஜி வகை எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு குறையும். சிஸ்டம் அதைக் கசிவாகப் பார்த்து பி0ஏஏ6 என்ற கோளாறு எண்ணைக் காட்டும். ஒருமுறை நிறுத்திய வண்டி மறுபடி "ரெடி"க்கு வராமலே போகலாம். கடைசியில் கம்ப்ரசர், குழாய்கள் எல்லாம் மாற்ற வேண்டி வரும். "கேஸ் மட்டும்தானே" என்று சாலையோர ஏசி கடையில் நிறுத்தாதீர்கள். அங்கே உள்ள மெஷினின் ஹோஸிலேயே பழைய பிஏஜி எண்ணெய் ஒட்டியிருக்கும். ஓட்டை அடைக்கும் திரவங்களும் வேண்டாம்.

அடுத்தது கியர் எண்ணெய். இந்த வண்டியின் டிரான்ஸ்மிஷனை இ-சிவிடி என்கிறார்கள். அந்தப் பெயரால் வந்த வினை, பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பாக்ஸுக்கான எண்ணெயைச் சிலர் ஊற்றிவிடுகிறார்கள். உள்ளே பெல்ட்டும் இல்லை, கூம்புக் கப்பியும் இல்லை. பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டார்களும் ஒரே எண்ணெயில் நனைந்தபடி இருக்கின்றன. டொயோட்டா ஏடிஎஃப் டபிள்யூஎஸ் போன்று உங்கள் மாடலின் கையேட்டில் எழுதியிருப்பதை மட்டுமே ஊற்ற வேண்டும். "வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். நகர நெரிசலும் நம் சூடும் சேரும்போது 80,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றுவது சரியான செலவு. சுமார் 4 லிட்டர் பிடிக்கும். நிரப்பும் போல்ட்டை முதலில் தளர்த்திப் பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு, நிரப்பும் போல்ட் திறக்க மறுத்தால் வண்டி லிஃப்டிலேயே நிற்கும். அளவு பார்க்கக் குச்சி கிடையாது; சமதளத்தில் வண்டி நிற்க, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் வர வேண்டும்.

கூலன்ட் தொட்டி இரண்டு இருக்கும். ஒன்று எஞ்சினுக்கு, மற்றது பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வர்ட்டருக்கு. இரண்டிலும் ஊற்றுவது ஏற்கெனவே கலந்து வரும் இளஞ்சிவப்பு நிற நீண்டகால கூலன்ட். எஞ்சின் தொட்டியை மட்டும் பார்த்து, இன்வர்ட்டரை யாரும் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும். "ரெடி"யில் இருக்கும்போது இன்வர்ட்டர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் கூலன்ட் கலங்கி ஓடுவது தெரியும். அசையாமல் நின்றால் மின்பம்ப் போய்விட்டது, ஓட்டக் கூடாது. குழாய்த் தண்ணீரும் பச்சை கூலன்ட்டும் இரண்டு தொட்டிக்குமே ஆகாது.

எஞ்சின் எண்ணெயில், தடிமனாக ஊற்றினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 2018 முதல் வந்த இஎஸ் 300எச் எஞ்சினுக்கு 0டபிள்யூ-16 தரம், ஃபில்டரோடு 4.5 லிட்டர். நாளெல்லாம் நின்று நின்று ஓடும் எஞ்சின் இது. ஒவ்வொரு முறையும் எண்ணெய் உடனே மேலே ஏற வேண்டும். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போடவும் வேண்டாம். குறைந்த தூரம் ஓடும் ஹைபிரிடில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதே அரிது. எண்ணெயில் ஈரமும் பெட்ரோலும் தங்கிவிடும்.

தேயாத பிரேக்

வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டார் செய்துவிடுவதால் பிரேக் பேட் 1,00,000 கிலோமீட்டர் தாண்டியும் தடிமனாக இருக்கும். "பேட் நல்லாயிருக்கு" என்று சக்கரத்தைக் கழற்றாமல் விடுவார்கள். பயன்படுத்தாததாலேயே, பேடை அழுத்தும் காலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகும். ஈசிஆர், தூத்துக்குடி போன்ற கடற்கரைப் பகுதிகளில் சீக்கிரமே. வருடம் ஒருமுறை கழற்றி, சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் போட வேண்டும். பிரேக் ஆயில் இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது.

மெக்கானிக்குக்கு ஒரு எச்சரிக்கை. ஓட்டுநர் கதவைத் திறந்தாலே இந்த வண்டிகளில் பிரேக் பம்ப் விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும். காலிப்பர் கழன்றிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படலாம், விரலும் நசுங்கலாம். ஸ்கேன் கருவியால் பிரேக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஓட்டுவதில்

சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றும் பழக்கம் மேனுவல் வண்டியிலிருந்து வந்தது. ஹைபிரிடில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி மட்டும் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். டி-யிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.

மலை இறக்கத்தில் தவறு வேறு மாதிரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பேட்டரி வழியிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு மோட்டார் பிரேக் வேலை செய்யாது, முழுச் சுமையும் பேட் மேல் விழும், கால் மிதியின் தன்மையும் மாறியதுபோல் இருக்கும். நீண்ட இறக்கம் தொடங்கும்போதே உங்கள் மாடலில் உள்ள எஞ்சின் பிரேக் நிலைக்கு (சிலவற்றில் B, சிலவற்றில் S; பார்க்கிங்கின் P அல்ல) மாற்றுங்கள். எஞ்சின் சுழன்று வேகத்தைப் பிடிக்கும், சத்தம் கேட்டு அஞ்ச வேண்டாம். சமதளத்துக்கு வந்ததும் டி-க்குத் திரும்பிவிடுங்கள். அந்த நிலையில் அதிகம் சார்ஜ் ஆகும் என்று நகரத்தில் அதிலேயே ஓட்டினால் மைலேஜ்தான் குறையும்.

வெள்ளமும் இழுவையும்

பேட்டரி பின்சீட்டுக்குக் கீழே என்பதை டிசம்பர் மழையில் நினைத்துக்கொள்ளுங்கள். 2015-இலும் 2023-இலும் சென்னையில் நின்ற தண்ணீர் கேபின் தரையைத் தொட்ட இடங்களில், ஹைபிரிடுக்கு அது பேட்டரியின் வாசல். தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்துவதே பெரிய தவறு. ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடாமல், படமெடுத்து வைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பும் ஹைபிரிட் பேட்டரி பாதுகாப்பும் தனித்தனிச் சேர்க்கைகளாக இருக்கும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், மழைக்காலத்துக்கு முன்பே பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். முன்சக்கரம் தரையில் உருள வண்டியை இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டார் மின்சாரம் தயாரிக்கும். முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரிதான் கேட்க வேண்டும்.

பழைய வண்டியும் பேட்டரி பழுதும்

பயன்படுத்திய ஹைபிரிட் வாங்கும்போது கிலோமீட்டர் குறைவு என்பதில் மயங்காதீர்கள். ஐந்து வருடத்தில் 15,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி அதிகம் நின்ற வண்டி. அதைவிட ஒழுங்கான சர்வீஸ் புத்தகத்தோடு 70,000 ஓடியது மேல். டொயோட்டா இந்தியாவில் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, வெளியே வயரை வெட்டிப் போட்ட கேமராவோ ஆம்ப்ளிஃபயரோ அதைக் கெடுத்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேன் கருவி வைத்திருப்பவரோடு போய் ஓட்டிப் பாருங்கள். 7.2 வோல்ட் கொண்ட 34 மாட்யூல்கள் சேர்ந்ததுதான் 244.8. மேம்பாலத்தில் அழுத்தி ஏறும்போது எல்லா பிளாக்கின் (மாட்யூல் கூட்டங்களின்) வோல்ட்டும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏற வேண்டும். ஒன்று மட்டும் முன்னால் ஓடிச் சரிந்தால் அங்கே பலவீனம். அந்த ஒரு மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று குறைந்த விலை சொல்பவர்கள் உண்டு. புதியதும் பழையதும் ஒரே தொடரில் ஒத்துப்போகாமல், சில மாதத்தில் அடுத்தது விழும், பிறகு அதற்கடுத்தது. முழுத் தொகுதியையும் மாற்றுவதே கடைசியில் செலவு குறைவு. யார் செய்தாலும், பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகு, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களின் சார்ஜ் இறங்க 10 நிமிடம் காத்திருக்கிறாரா, கையில் 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.