சிரை இரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன்: ஐசியூவுக்குப் புதியவர்களுக்கு

டெப்போவில் இருந்து நூறு பேரோடு கிளம்பும் டவுன் பஸ், ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது எழுபத்தைந்து பேரோடு வருகிறது. இரத்தமும் அப்படித்தான். ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவரின் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1000 மி.லி. ஆக்சிஜன் போகிறது. திசுக்கள் எடுத்துக்கொள்வது 250 மி.லி. மட்டும். திரும்பி வரும் சிரை இரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், ஊரில் தேவை எப்படி, வரத்து எப்படி என்று ஊகிக்கலாம்.

உடல் முழுவதிலும் இருந்து வரும் இரத்தம் ஒன்றாகக் கலந்திருப்பது நுரையீரல் தமனியில். அங்கே அளக்க, இதயத்தின் வழியாக அதுவரை செலுத்தும் ஸ்வான்-கான்ஸ் காத்தீட்டர் என்ற குழாய் வேண்டும். 1970இல் வந்த அந்தக் குழாயை இப்போது எல்லாருக்கும் போடுவதில்லை. அதனால் கழுத்தில் போட்ட சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் செல்லும் குழாய்) வழியாக, தலையிலும் கைகளிலும் இருந்து இரத்தம் இதயத்துக்கு வரும் மேல் பெருஞ்சிரையில் எடுக்கிறோம். இங்கே சாச்சுரேஷன், அதாவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் பங்கு, 70 முதல் 75% வரை இயல்பு. இரண்டும் ஒரே எண் அல்ல. ஷாக்கில் (திசுக்களுக்கு இரத்த ஓட்டம் போதாத நிலை) குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து, அங்கே ஆக்சிஜன் ஒட்ட உறிஞ்சப்படும். மேலே எடுக்கும் சாம்பிளில் அது தெரியாது, எண் 5 முதல் 8 புள்ளி வரை கூடுதலாகவே காட்டும்.

படி 1: லைனைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் நுனி மேல் பெருஞ்சிரையில், வலது ஏட்ரியத்தை (இதயத்தின் வலது மேல் அறையை) ஒட்டி இருக்க வேண்டும். தொடையில் போட்ட லைனில் எடுத்த எண்ணை இதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது.

படி 2: சாம்பிள். பிழைகளில் பாதி இங்கேதான் நடக்கிறது, அவசரப்படாதீர்கள். நுனியில் திறக்கும் டிஸ்டல் போர்ட்டில் எடுங்கள். அதில் நார்அட்ரினலின் (பிபியைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து) ஓடிக்கொண்டிருந்தால் கை வைக்காதீர்கள். நிறுத்தினால் பிபி விழும், ஃபிளஷ் செய்தால் மருந்து மொத்தமாக உள்ளே போகும். வேறு போர்ட் இல்லையென்றால் சீனியரைக் கூப்பிடுங்கள்.

கையுறை போட்டு, போர்ட்டின் வாயை ஸ்பிரிட்டால் 15 விநாடி தேய்த்து, காய விடுங்கள். சிரிஞ்ச் மாற்றும் ஒவ்வொரு முறையும் கிளாம்ப் மூடியிருக்க வேண்டும். காற்று உள்ளே போனால் ஆபத்து. முதல் 5 மி.லி. இரத்தத்தைத் தனியாக எடுத்து ஒதுக்குங்கள் (இது பெரியவர்களுக்கான அளவு). பிறகு ஹெப்பாரின் உள்ள சிரிஞ்சில் மெதுவாக 1 முதல் 2 மி.லி. எடுத்து, குமிழியை வெளியேற்றி, மூடி, 10 மி.லி. சலைனால் லைனை ஃபிளஷ் செய்யுங்கள்.

சிரிஞ்சில் ‘சிரை இரத்தம்’ என்று எழுதுங்கள். நான் புதிதாகச் சேர்ந்த நாட்களில் ஒருமுறை எழுதாமல் விட்டேன். அதை ஏபிஜி (தமனி இரத்த வாயுப் பரிசோதனை) என்று நினைத்து, நன்றாக இருந்த நோயாளிக்கு வெண்டிலேட்டரில் ஆக்சிஜனை 100%க்கு ஏற்றிவிட்டார்கள். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

படி 3: மெஷின். சாம்பிளை இரத்த வாயு மெஷினில் உடனே ஓட்டுங்கள். கோ-ஆக்சிமீட்டர் நேரடியாக அளந்த சாச்சுரேஷனா, பிஓ2வை (ஆக்சிஜன் அழுத்தத்தை) வைத்துக் கணக்குப் போட்டதா என்று பாருங்கள். தமனியில் அந்தக் கணக்கு பெரிதாக ஏமாற்றாது. சிரை இரத்தத்தில் பிஓ2 சற்று மாறினாலே சாச்சுரேஷன் நிறைய மாறும், அதனால் அளந்ததுதான் வேண்டும். கூடவே ஒரு ஏபிஜியும் எடுத்துவிடுங்கள்.

படி 4: எண்ணைப் படிப்பது. 58% வந்தது என்று வைத்துக்கொள்வோம். சலைன் பாட்டிலைத் தூக்க வேண்டாம், முதலில் பஸ்ஸுக்குத் திரும்புவோம். டெப்போவில் ஆள் ஏறினார்களா? தமனி சாச்சுரேஷன் 98%, சரி. சீட் போதுமா? ஹீமோகுளோபின் 11, பரவாயில்லை. ஊரில் தேவை கூடியதா? காய்ச்சல், நடுக்கம், வலி, மூச்சுத் திணறல் எதுவும் இல்லை. அப்படியென்றால் மிச்சம் ஒன்றுதான்: பஸ்ஸின் ட்ரிப் குறைந்துவிட்டது, அதாவது இதயம் தள்ளும் இரத்தம் போதவில்லை. திரவம் பற்றாமலா, இதயமே சோர்ந்தா என்பதை எக்கோதான் சொல்லும். சிரை, தமனி இரண்டிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தின் வித்தியாசம் 6 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

85% வந்தால்? புதியவர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள், நானும் ஆனவன்தான். லாக்டேட்டும் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடும் பொருள்) ஏறிக்கொண்டிருந்தால் அது பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் திரும்பி வந்ததன் அடையாளம். செப்சிஸில் (தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) இரத்தம் திசுக்களைத் தொடாமல் குறுக்கு வழியில் போகலாம், அல்லது செல்லுக்கே ஆக்சிஜனைப் பயன்படுத்தத் தெம்பு இல்லாமல் போகலாம். ஆழ்ந்த மயக்க மருந்தும் உடல் குளிர்ச்சியும் தேவையைக் குறைத்து எண்ணை ஏற்றும். டயாலிசிஸ் நோயாளியின் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் நேராக இணைத்த வழி) இருந்தாலும் ஏறும்.

70%ஐ எட்டியே தீர வேண்டும் என்ற பழக்கம் 2001இல் டெட்ராய்ட்டில் ரிவர்ஸ் என்ற மருத்துவரின் குழு செப்சிஸ் நோயாளிகளிடம் நடத்திய, இறப்பு குறைந்ததாகக் காட்டிய ஆய்வில் இருந்து வந்தது. 2014, 2015இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. ரிவர்ஸின் நோயாளிகள் 49% அருகில் வந்தவர்கள், பின்னால் வந்த ஆய்வுகளில் இருந்தவர்களோ தொடக்கத்திலேயே 70ஐ ஒட்டி இருந்தார்கள். அதனால் எண்ணை விரட்டாதீர்கள், ஆனால் 50ஐப் பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்காதீர்கள்.

படி 5: மறுபடி எடுப்பது. ஏதாவது சிகிச்சை செய்தால், அரை மணி நேரம் கழித்து அதே போர்ட்டில் மறுபடி எடுத்து, லாக்டேட்டோடு சேர்த்து எழுதுங்கள். எடுக்கும்போது காய்ச்சல் இருந்ததா, நடுங்கினாரா, அப்போதுதான் சக்ஷன் (குழாயால் சளி உறிஞ்சுவது) செய்தார்களா என்பதையும் சார்ட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறியுங்கள். ராத்திரி டியூட்டிக்கு வருபவர் அதைத்தான் தேடுவார்.