புதினா: தொட்டியிலும் அடுப்படியிலும் கைவைத்தியத்திலும் நடக்கும் தவறுகள்

இலையை ஆய்ந்துவிட்டு மிச்சத் தண்டை மண்ணில் குத்தினால் புதினா தானே வந்துவிடும் என்பார்கள். எந்தத் தண்டு என்பதைப் பொறுத்தது அது. முற்றி நாராகிப் போன தண்டு பெரும்பாலும் அழுகிவிடும். கட்டைப் பிரித்துப் பார்த்தால் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும் தண்டுகள் சில இருக்கும். முதல் தேர்வு அவைதான். இல்லாவிட்டால் பச்சை மாறாத தண்டில் நான்கைந்து அங்குல நீளம் எடுத்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மூழ்கும் அளவு தண்ணீரில் வையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றினால் ஏழு முதல் பத்து நாளில் வேர் விடும். வேர் ஓர் அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றி, முதல் வாரம் நிழலில் வைக்க வேண்டும். நட்ட அன்றே மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மறுநாளே துவண்டுவிடும்.

அடுத்த தவறு தொட்டியில். புதினா ஆழமாகப் போகாது. ஓடுதண்டுகளை விட்டுப் பக்கவாட்டில் பரவும். ஆகவே உயரமான குறுகிய தொட்டியைவிட, எட்டு அங்குல ஆழமும் ஓர் அடிக்கு மேல் அகலமும் உள்ள பழைய டப் நல்லது. அடியில் ஓட்டைகள் கட்டாயம். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு போதும். நார்க்கழிவை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாவிட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். மிளகாய், தக்காளித் தொட்டியில் ஓரமாக இதையும் நட்டு வைக்காதீர்கள். கொஞ்ச நாளில் அது புதினாத் தொட்டியாகிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் இருமுனைத் தவறு. காயவும் விடக்கூடாது, சேறாகவும் கூடாது. விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் தெளித்து இரவெல்லாம் நனைந்தபடி விட்டால் துரு நோய் வரும்: இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். அந்தத் தண்டுகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். சித்திரை வைகாசியில் காலை வெயில் நான்கு மணி நேரம் போதும், பிற்பகலில் நிழல் வேண்டும்.

இலை இலையாகக் கிள்ளுவதுதான் செடி மொட்டையாக நிற்பதற்குக் காரணம். தண்டாக வெட்டுங்கள், மண்ணிலிருந்து இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கிளை வெடிக்கும். பூவெடுக்க ஆரம்பித்தால் இலை சிறுத்து மணமும் குறையும், எனவே மொட்டிலேயே நறுக்கிவிட வேண்டும். ஓராண்டானால் நடுப்பகுதி காய்ந்து ஓரம் மட்டும் பச்சையாக இருக்கும். அது நோயல்ல, இட நெருக்கடி. பிடுங்கிப் பிரித்துப் புது மண்ணில் நடுங்கள்.

கொசு வராமலிருக்க ஜன்னலில் புதினாத் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செடி சும்மா நின்றால் கொசு விலகிப் போவதில்லை. ஆனால் தொட்டியடித் தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேயுங்கள்.

சமையலில் எல்லாரும் கேட்பது, துவையல் ஏன் கறுத்துப் போகிறது என்று. இலையில் உள்ள நொதி காற்றுப்பட்டதும் நிறத்தை மாற்றுகிறது. அதிகச் சூடு பச்சையத்தைக் கெடுக்கிறது. ஒரு கப் அழுத்திய இலைக்கு ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, மூன்று வற்றல், சின்ன நெல்லிக்காய் அளவு புளி. பருப்பை வறுத்து எடுத்தபின் அந்தச் சூட்டிலேயே இலையைப் போட்டு, சுருண்டதும் இறக்குங்கள். நன்றாக ஆறியபிறகே மிக்ஸியில் போட வேண்டும். முற்றிய தண்டைச் சேர்த்தால் கசக்கும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் கழுவாமல், காகிதத்தில் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு வைத்த கட்டு அழுகித்தான் போகும்.

புதினா டீயைக் கொதிக்கவிடுவதும் வீண். மணம் தரும் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்சுரப்பிகளில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் கொதித்தால் அது ஆவியோடு போய்விடும். பத்து இலையைக் கசக்கி, 200 மில்லி வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும்.

கைவைத்தியத்தில் பெரிய தவறு, நெஞ்செரிச்சலுக்குப் புதினாச் சாறு குடிப்பது. வயிற்று உப்புசத்துக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் உணவுக்குழாயின் அடிவாயை இறுக்கி வைத்திருக்கும் தசையைப் புதினா தளர்த்தக்கூடியது. அமிலம் மேலேறுபவர்களுக்கு எரிச்சல் கூடலாம். சாப்பாட்டோடு புதினா டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகைக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஓரிரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

கடையில் விற்கும் புதினா எண்ணெயும் வீட்டு இலையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். எண்ணெய் பலமடங்கு செறிவானது. அதில் மென்தாலும் மிகுதி. சளி என்று கைக்குழந்தையின் மூக்கருகிலோ நெஞ்சிலோ அதைத் தடவினால் மூச்சுக்குழல் இறுகி மூச்சுத் திணறலாம். பிள்ளைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்கவைப்பதும் வேண்டாம், கவிழ்ந்தால் வெந்துவிடும். முகத்துக்குப் பூசும் புதினா விழுதில் எலுமிச்சைச் சாறு விட்டு வெயிலில் போனால் தோல் கறுத்துக் கொப்பளிக்கக்கூடும். தயிர் கலந்தால் போதும், அதையும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பாருங்கள்.